ஜூன் வரை நிற்க வேண்டிய பனிக்குன்று

நவம்பர் 9

காலை ஐந்தரைக்குப் பள்ளிக் கொதிகலனை மூட்டினேன். ஏழரைக்கு வகுப்பறைகளில் பதினாறு டிகிரி. நிலக்கரி மூன்றரை மூட்டை. இதெல்லாம் இந்தப் பதிவேட்டின் முன்பக்கங்களில் எழுத வேண்டியது, எழுதியாயிற்று. பின்பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. தலைமை ஆசிரியர் முன்பக்கத்தையே புரட்டுவதில்லை. அதனால் பின்பக்கம் எனக்கு.

என் கணவர் ஜோமார்ட் மாஸ்கோவிலிருந்து வந்து இன்றோடு ஐம்பது நாள். ஆறு வருடக் கட்டட வேலையில் இடது தோள் சற்று இறங்கிவிட்டது. மகள் மீரிமுக்கு அப்பாவிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பதினான்கு வயதுப் பெண், விருந்தாளிக்குக் கொடுப்பது போல அவருக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறாள். நேற்று நேராகவே கேட்டுவிட்டேன், மறுபடி போவீர்களா என்று.

"ஜூன் வரைக்கும் கீழ்மேய்ச்சல்ல தண்ணி இருந்தா ஆடு இருக்கும். ஆடு இருந்தா நான் இருக்கேன். இல்லேன்னா ஏப்ரல்ல கிளம்பறேன். இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?"

கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லைதான். மேல்மலை மேய்ச்சலுக்கு வழி திறப்பது ஜூன் நடுவில். அதுவரை ஆடுகள் கீழேதான் நிற்க வேண்டும். கீழே இருக்கும் ஊற்று மூன்று வருடமாக மே மாதமே வற்றிவிடுகிறது. எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எதிர்மலை ஆகஸ்டிலும் வெள்ளையாக இருக்கும். இப்போது ஜூலையிலேயே வெறும் பாறை. போன மே மாதம் எங்கள் மந்தையில் பாதியை வியாபாரி சாகினிடம் தள்ளிவிட்டோம்.

இப்போது ஊர் ஒரு வேலையில் இறங்கப் போகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு ஊரில் செய்து பார்த்துவிட்டார்களாம். குளிர்காலத்தில் வீணாக ஓடும் மேல்ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, உயரத்திலிருந்து பீய்ச்சினால், விழும்போதே உறைந்து குன்றாக வளருமாம். வெயில் வந்ததும் சொட்டுச் சொட்டாக உருகி ஆடு குடிக்குமாம். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கூட்டத்தில் முதலில் கையைத் தூக்கியது நான்தான்.

நவம்பர் 17

அஷார், ஊர் கூடிச் செய்யும் வேலை. வீட்டுக்கு இரண்டு பேர், கூலி கிடையாது, வராதவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் வராது. அவ்வளவுதான் சட்டம். மேல்ஊற்றிலிருந்து கீழ்மேய்ச்சல் வரை மூன்று கிலோமீட்டருக்குக் குழாய்ப் பள்ளம் தோண்ட வேண்டும். எங்கள் பங்கு முடிந்து ஜோமார்ட் அடுத்த வீட்டுப் பங்கையும் தோண்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "மாஸ்கோவுல எனக்குக் கையுறை குடுப்பாங்க" என்றார். "இங்க பொண்டாட்டி குடுக்கறா, போட்டுக்குங்க" என்றேன்.

குழாய்களைச் சாகின் தன் லாரியில் கொண்டுவந்தான். இறங்கும்போதே ஆரம்பித்தான்.

"என்ன அனார்கான், ஐஸ் விக்கப் போறியாமே?"

"உங்களுக்கு ரெண்டு கட்டி இலவசம், அண்ணே. தலையில வெச்சுக்குங்க, சூடு தணியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இரண்டு நடை ஓட்டினான், டீசலுக்குக்கூட வாங்கவில்லை. ஆட்டு வியாபாரி சும்மா வண்டி ஓட்டுவானா? ஏதோ கணக்கு இருக்கும்.

டிசம்பர் 6

தண்ணீர் விட்டாயிற்று. முதல் நாளே இடுப்பளவு.

டிசம்பர் 29

மின்கம்பத்தின் உயரத்துக்கு வந்துவிட்டது. கீழே அகலம், மேலே கூர், நம் ஆண்கள் போடும் வெள்ளைத் தொப்பி மாதிரி. மீரிம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே பாறைமேல் நின்று அதைப் படம் எடுக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்களாம்.

குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ள முறை போட்டிருக்கிறார்கள். ஜோமார்ட் தன் முறை இல்லாத நாளிலும் போகிறார். இன்று மதியம் மீசையில் பனி தொங்க வந்து நின்றார். மீரிம் அதைப் பிடித்து ஒடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் மாவு பிசைகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 13

குன்றுக்குப் போகும் வழி முழுக்க வழுக்கல். நேற்றுச் சாகின் மனைவி புருல் அக்கா விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதற்கு முன்பு இரண்டு பேர். ஊர்த்தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

நான் சொன்னேன்: "கொதிகலன் பின்னாடி சாம்பல் குவிஞ்சு கெடக்கு. ஆளுக்கு ஒரு வாளி எடுத்துட்டுப் போனா வழி பூராவும் தூவிடலாம்."

இதற்கு ஒரு யோசனை வேண்டுமா? நம் வீட்டு வாசலில் செய்வதுதான். ஆனால் யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் இருபது பேர் வாளியோடு வரிசையில் வந்தார்கள். குன்றின் அடிவரைக்கும் தூவினோம், குழாய்க்காரர்கள் சுற்றிவரும் இடத்திலும் தூவினோம். தலைவர் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். மூன்று நாளைக்கு ஒருமுறை இனி இதுவே வழக்கம். சாம்பலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற என் தலைவலியும் தீர்ந்தது.

பிப்ரவரி 4

மாகாணத்திலிருந்து பெரியவர்கள், தொலைக்காட்சி. விருந்தாளி யாராவது வழுக்கி விழுந்தால் மானம் போய்விடும் என்று தலைவர் பயந்தார். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, குன்றைச் சுற்றி வட்டமாகக் கனமாகத் தூவினோம். யாரும் விழவில்லை. மதியம் பள்ளத்தாக்கில் வழக்கமாக அடிக்கும் காற்று அடித்து எல்லார் கண்ணிலும் சாம்பல். வீட்டுக்கு வந்து மூன்று தரம் முகம் கழுவினேன்.

வாளியோடு எங்களை நிறுத்திப் படம் பிடித்தார்கள். ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்கள். "இந்த மலை நாங்க செஞ்சது. எங்க ஆம்பளைங்களை ஊர்லயே நிறுத்தறதுக்குச் செஞ்சது" என்றேன். ஜோமார்டுக்கு வெட்கம். ஆனால் வீட்டில் அந்த ஒளிபரப்பை இரண்டு தரம் பார்த்தார்.

பிப்ரவரி 27

திடீர் வெயில். ஆண்கள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். குன்று கொஞ்சம் மங்கல், துவைக்காத துணியின் நிறம். தூரத்துப் பாலைவனத் தூசி என்கிறார் தலைவர். இருக்கும்.

மார்ச் 10

விழுந்துடுச்சு.

கிழக்குப் பக்கம் மொத்தமா விழுந்துடுச்சு. பத்து மணிக்குச் சத்தம் கேட்டுது, நான் மாடி ஏதோ இடிஞ்சுதுன்னு ஓடினேன். மார்ச்சுதான் இது. மார்ச்சு! இன்னும் மூணு மாசம் நிக்கணும் அது.

மார்ச் 11

நேற்று எழுதியதைப் படித்தேன்.

ஜோமார்ட் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குத் தொலைபேசியில் பேசினார். அவர்களுடைய குன்று அப்படியே நிற்கிறதாம், ஒரு விரற்கடை குறையவில்லையாம். அதே சூரியன், அதே காற்று, நம்முடையதைவிடச் சின்னக் குழாய். பிறகு நம்முடையது மட்டும் ஏன்? பேசி முடித்ததும் அவர் வெளியே போய்க் கொட்டகைக் கதவைச் சரிசெய்தார். அதில் ஒரு பழுதும் இல்லை.

யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். வேறு எப்படி?

மார்ச் 14

கண்டுபிடித்துவிட்டேன்.

குன்றின் அடியில், உருகி வழிந்த சேற்றில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கல். நக்கிப் பார்த்தேன். உப்பு. ஆடு நக்குவதற்குப் போடும் பாறையுப்பு. குளிர்காலத்தில் அங்கே எந்த ஆடு வந்தது? உப்புப் போட்டால் பனி கரையும், இது யாருக்குத் தெரியாது? ஊரில் மூட்டை மூட்டையாகப் பாறையுப்பு வைத்திருப்பவன் ஒருவன்தான். தண்ணீர் இல்லாவிட்டால் ஆடு மலிவு. ஆடு மலிந்தால் யாருக்கு லாபம்?

கல்லைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். ஜோமார்டிடம் காட்டினேன். "கண்ணால பாத்தியா?" என்றார். "இதை வேற எதால பாக்கறது?" என்றேன்.

மார்ச் 21

நூருஸ், புது வருடம். காலையில் பெரிய கொப்பரையில் முளைகட்டிய கோதுமைக் கூழ், சுமோலோக், இறக்கியாயிற்று. ஊரே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. சாகின் கிண்ணத்தோடு வந்தான். நான் எழுந்து உப்புக் கல்லை விரிப்பின் நடுவில், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்ன, அண்ணே?"

"உப்பு."

"யாருக்கு?"

"ஆட்டுக்கு. உனக்கு வேணும்னா நீயும் நக்கு" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"பனிக்குன்று அடியில எந்த ஆடு மேஞ்சுது? தண்ணி இருந்தா உன் வியாபாரம் படுத்துடும். அதானே? இருவது பொம்பளைங்க, நாப்பது ஆம்பளைங்க, குளிர்காலம் பூராவும் உழைச்சோம். நீ ராவோட ராவா உப்புப் போட்டுட்டுப் போயிட்டே."

அவன் முகம் வெளுத்துவிட்டது. பிறகு குனிந்து ரொட்டியில் ஒரு துண்டு பிட்டான். அதை நெற்றியில் வைத்துக்கொண்டு, "இந்த ரொட்டி மேல ஆணையா நான் செய்யல" என்றான்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ரொட்டியை எடுத்தவனை அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. எங்கள் அப்பா ஒரு குதிரைத் திருடனையே அப்படி விட்டிருக்கிறார். ஆனால் என் வாய் இருக்கிறதே —

"ரொட்டியை வெச்சுப் பொய் சொல்றவங்களையும் பாத்திருக்கேன்" என்றேன்.

புருல் அக்காவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. சாகின் அந்தத் துண்டைத் தின்றுவிட்டு, கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனான். பின்னாலேயே நாலைந்து பேர், "போ, போ, எங்க ஆம்பளைங்க மாதிரி நீயும் மாஸ்கோவுக்கே போ" என்று கத்தினார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் ஆரம்பித்தது நான்.

மார்ச் 30

சாகின் வீட்டுக்கு யாரும் போவதில்லை. குட்டி விற்க வேண்டியவர்கள்கூட வேறு வியாபாரியைத் தேடுகிறார்கள். புருல் அக்கா கடையில் நின்றால் பேச்சு அடங்குகிறது. எனக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். இருக்கிறதா? இருக்கிறது என்றே எழுதுகிறேன்.

குன்று என் தோளுயரம்.

ஏப்ரல் 3

ஜோமார்ட் பயணச்சீட்டு எடுத்துவிட்டார். இருபதாம் தேதி.

ஏப்ரல் 6

வாதுமைப்பழ மரமெல்லாம் பூத்து நிற்கும்போது பனி கொட்டுகிறது. முழங்கால் அளவு. இந்த வருடம் பழமும் போயிற்று. வெயிலடிக்க வேண்டிய நாளில் பனி, பனி நிற்க வேண்டிய நாளில் வெயில். வானத்துக்கு நாளும் தெரியவில்லை, கிழமையும் தெரியவில்லை.

பூண்டுப் பாத்தி மட்டுமாவது தப்பட்டும் என்று அதன்மேல் அரை வாளி சாம்பல் தூவினேன்.

ஏப்ரல் 8

எப்படி எழுதுவது இதை.

காலையில் பின்கட்டுக்குப் போனேன். தோட்டம் முழுக்க வெள்ளை. பூண்டுப் பாத்தி மட்டும் கறுப்பு, ஈரமண் வரைக்கும் உருகி, பூண்டுத் தளிர் பச்சையாக எட்டிப் பார்க்கிறது. அளந்து வெட்டியது போல, சாம்பல் விழுந்த இடம் மட்டும்.

பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது, பூண்டு பிழைத்ததே என்று. அப்புறம் குன்று ஞாபகம் வந்தது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பதினெட்டு வருஷமா இதைச் செய்யறேன். பனி சீக்கிரம் போகணும்னா சாம்பல் தூவு. அம்மா வீட்லயும் அதான், மாமியார் வீட்லயும் அதான். இந்த ஊர்ல எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் தெரியும். கறுப்பு வெயிலைக் குடிக்கும், பனி கரையும். கைக்குத் தெரியும். இந்தக் கைக்கே தெரியும். அப்போ ஜனவரியில இந்தக் கைக்கு என்ன ஆச்சு?

ஏப்ரல் 9

மண்வெட்டியோடு குன்றுக்குப் போனேன். மிச்சமிருப்பதை வெட்டிப் பார்த்தேன். கத்தாமா ரொட்டியின் அடுக்கு மாதிரி, வெள்ளை, அதன்மேல் கறுப்புக் கோடு, வெள்ளை, மறுபடி கறுப்பு. நாங்கள் தூவத் தூவக் காற்று அதை மேலே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறது. மேலே புதுத் தண்ணீர் உறைந்து மூடிவிட்டதால் தெரியவில்லை. வெயில் வந்ததும் ஒவ்வோர் அடுக்காக வெளியே வந்து, வந்த அடுக்கெல்லாம் வெயிலைக் குடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மீரிமின் படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஜனவரி முதல் வாரம் கண் கூசும் வெள்ளை. அடுத்த வாரம் பாதம் மட்டும் அழுக்கு. பிப்ரவரி நடுவில் இடுப்புவரை சாம்பல் நிறம். இது எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. நான்காவது படத்தில் வாளியோடு நான் நிற்கிறேன், பல்லைக் காட்டிக்கொண்டு.

இந்தப் பதிவேட்டின் முன்பக்கங்களையும் கூட்டிப் பார்த்தேன். குளிர்காலத்தில் நான் எரித்த நிலக்கரி எவ்வளவு என்று அதில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. மலையைக் கரைக்கும் புகையும் என் உலையிலிருந்து, குன்றைக் கரைத்த சாம்பலும் என் உலையிலிருந்து. குழந்தைகள் குளிரில் உட்கார முடியாது, அது வேறு. ஆனால் சாம்பலை யார் தூக்கிக்கொண்டு போகச் சொன்னது?

ஏப்ரல் 10

சொல்லவில்லை.

ஏப்ரல் 12

இன்றும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. பனி மூடிவிட்டது, கறுப்பு அடுக்கு இன்னும் பத்து நாளில் தண்ணீராகிவிடும். ஜோமார்ட் எப்படியும் போகப்போகிறார். சொன்னால் யாருக்கு என்ன நன்மை? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே மூன்று முறை டீ போட்டேன். மூன்று முறையும் குடிக்க மறந்தேன்.

ஏப்ரல் 13

ஜோமார்டிடம் சொன்னேன். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்து வெகு நேரம் ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"உன் வாளியை நானும்தானே தூக்கிட்டு வந்தேன்" என்றார். "எனக்கும்தானே தெரியும். எங்கம்மா தூவுவாங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சாகின் அண்ணன்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்தேன்.

"எங்க போவே? நேத்துக் காலைல கிளம்பிட்டாரு. லாரியை வித்துட்டாரு. மாஸ்கோ."

நேற்றுக் காலை. நேற்றுக் காலை நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 16

பள்ளி மண்டபத்தில் கூட்டம். எழுந்து சொன்னேன். முதல் வரி மட்டும் கஷ்டமாக இருந்தது: "சாகின் அண்ணன் மேல நான் சொன்னது பொய். கரைச்சது என் சாம்பல்." பூண்டுப் பாத்தியைச் சொன்னேன். அடுக்கைச் சொன்னேன். படங்களைக் காட்டினேன்.

பின்வரிசையில் ஒருத்தி சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். அவள்தான் பெரிய வாளி கொண்டுவந்தவள். இன்னொருத்தி, "தெரிஞ்சவ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே, எங்களையும் சேத்து ஏன் இழுக்கறே?" என்றாள். தலைவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூசி என்று சொன்னவர் அவர்தான்.

அங்கிருந்து நேரே புருல் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் வைத்தே பேசினாள்.

"குழாய் ஏத்துன வண்டியிலதாண்டி உப்பும் ஏத்துனோம். ஒரு கல்லு கீழே விழுந்திருக்கும். அன்னிக்கு இதைச் சொல்ல அவரு வாயைத் தொறந்தாரா? ரொட்டியை எடுத்துட்டேன், இனிமே என்ன சொல்லணும்னு வந்துட்டாரு. மூணு நாள் சாப்பிடல."

"அக்கா, மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட —"

"நானும் அஞ்சு வாளி கொண்டாந்தேன்" என்றாள். வீங்கி வற்றிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "என் புருஷனைத் தொரத்தின சாம்பல்ல என்னோடதும் இருக்கு. அதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஏப்ரல் 20

ஜோமார்ட் போய்விட்டார். மீரிம் பேருந்து திரும்பும்வரை நின்றாள், கையசைக்கவில்லை.

மே 8

ஜோமார்ட் பேசினார். வேலை கிடைத்துவிட்டது, தங்குமிடமும். "எட்டுப் பேர் ஒரு அறை" என்றார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "பக்கத்துக் கட்டில் சாகின் அண்ணன்."

இவர்தான் தேடிப்போயிருக்கிறார். வேறு ஒரு கட்டடத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரைத் தன் இடத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயதில், ஊரில் லாரி வைத்திருந்தவர்.

"என்னைப் பத்தி என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"எல்லாம் சொன்னீங்களா? சாம்பல்?"

"சொன்னேன். சரின்னாரு. அப்புறம் தூங்கிட்டாரு."

மே 29

ஊற்று வற்றியது. ஆடுகளில் பதினொன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியூர் வியாபாரிக்குக் கொடுத்தேன். அவன் பல்லைப் பிடித்துப் பார்த்து, கால் நொண்டி என்று பொய் சொல்லி விலையைக் குறைத்தான். சாகின் அண்ணன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நவம்பர் 15

மறுபடி அஷார். வருவார்களா என்று பயந்தேன். வந்தார்கள், ஆனால் பாட்டு இல்லை, கிண்டல் இல்லை.

தலைவர் என்னைப் பொறுப்பாக இருக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். "இனிமே நீதான் சரியா இருப்பே, பயம் இருக்கு உனக்கு" என்றார். வழிக்குச் சாம்பல் கிடையாது, வைக்கோல். வீட்டுக்கு நான்கு கட்டு. கொதிகலன் பின்னால் குழி வெட்டி, அன்றன்று சாம்பலைக் கொட்டி மண் போட்டு மூடுகிறேன். பள்ளிச் சன்னல்களுக்குப் பெண்கள் சேர்ந்து கம்பளித் துண்டுகளைத் திணித்துத் திரை தைத்தோம். ஒரு நாளைக்கு அரை மூட்டை நிலக்கரி மிச்சமாகிறது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மார்ச்சில் குன்றின் தெற்குப் பக்கம் வெள்ளைக் கம்பளம் போர்த்த வேண்டும். புருல் அக்கா தன் வீட்டுக் கம்பளத்தைத் தரச் சம்மதித்திருக்கிறாள். என்னிடம் நேராகச் சொல்லவில்லை, மீரிமிடம் சொல்லி அனுப்பினாள்.

பிப்ரவரி 8

விருந்தாளிகள் வருகிறார்கள் என்று யாரோ ஒருத்தி பழக்கத்தில் ஒரு வாளி சாம்பலோடு குன்றுப் பக்கம் போய்விட்டாள். நான் கத்திய கத்தலில் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். பிறகு அவள் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவளும் என்னைப் போலத்தானே.

ஏப்ரல் 25

நிற்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் போய்ப் பார்க்கிறேன். ஜோமார்டிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அது விழுந்தால்?

ஜூன் 12

ஊற்று வற்றிப் பதினாறு நாளாகிறது. குன்று இன்னும் என் உயரத்துக்கு இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. ஊரின் ஆடுகள் முறை வைத்துக் குடிக்கின்றன. என் பதினொன்றும் குடித்தன. நாளன்றைக்கு மேல்மலை வழி திறக்கிறது.

மதியம் ஜோமார்டைக் கூப்பிட்டேன். எடுத்தது அவர் இல்லை.

"அவன் மேல சாரத்துல இருக்கான். யாரு?"

குரல் தெரிந்தது. பதினாலு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு சொல்லும் வரவில்லை.

"அனார்கான்" என்றேன். "அண்ணே, தண்ணி இருக்கு."

"எங்க?"

"கீழ்மேய்ச்சல்ல. இன்னிக்கு. இப்போ."

அந்தப் பக்கம் இயந்திரம் ஏதோ ஓடி நின்றது. "பக்கத்துல கொண்டுபோ" என்றார். தொலைபேசியைத் தொட்டிக்கு மேலே பிடித்தேன். கை வலிக்கும்வரை பிடித்தேன். திரும்பக் காதில் வைத்தபோது அவர் இன்னும் துண்டிக்கவில்லை, மூச்சுச் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டு ஆடு குடிச்சுதா?"

"மொதல்ல அதுங்கதான்."

"சரி. ஜோமார்ட்கிட்ட சொல்றேன். எங்க நம்பப் போறான்."

"நீங்க சொன்னா நம்புவாரு, அண்ணே."

இரண்டு பேரும் தண்ணீர் விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"செப்டம்பர்ல ரெண்டு பேரும் வர்றோம்" என்றார். "புருல்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு. நான் சொன்னா, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தேன்னு திட்டுவா."

ஆடுகளைக் கொட்டகையில் அடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இப்போது அவள் வீட்டுக்குத்தான் போகிறேன்.